52 மாதங்கள்: அகதிக் கோரிக்கை வென்றபின் நிரந்தர வதிவிடத்துக்குக் காத்திருந்த ஒரு குடும்பத்தின் கோப்பு

## பின்னணி

இலங்கையின் வட மாகாணத்தைச் சேர்ந்த ஒருவர் 2017 நவம்பரில் கனடாவின் ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கை வைத்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. மனைவியும் 17 வயது மகளும் 9 வயது மகனும் ஊரில் இருந்தார்கள். 2019 நவம்பரில் குடிவரவு அகதிகள் சபை கோரிக்கையை ஏற்றது. 2020 பெப்ரவரியில் நிரந்தர வதிவிட விண்ணப்பம் தபாலில் போனது. முடிவு வந்தது 2024 ஜூனில். இடைப்பட்ட 52 மாதங்களில் எது எங்கே சிக்கியது, எந்த முடிவு எதற்காக எடுக்கப்பட்டது என்பதே இந்தப் பதிவு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

"கேஸ் வென்றாச்சு, இனி பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) தானாக வரும்" என்பது நம் ஆட்களிடையே பரவலான எண்ணம். சட்டத்தைப் பார்த்தால் அது முழுப் பிழையுமல்ல. கோரிக்கை ஏற்கப்பட்டு, பாதுகாக்கப்பட்ட நபர் என்ற நிலை கிடைத்தவருக்குப் புள்ளிக் கணக்கு இல்லை, மொழித் தேர்வு இல்லை, வதிவிட உரிமைக் கட்டணமும் இல்லை. குடிவரவு அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 21(2) பிரிவின்படி, தேசப் பாதுகாப்பு, மனித உரிமை மீறல், பாரதூரமான குற்றம் போன்ற குறிப்பிட்ட காரணங்களால் தடைப்படாதவர் நிரந்தர வதிவாளர் ஆகிறார்.

ஆனால் இரண்டு இடங்களில் காலம் இழுபடும். ஒன்று வரிசை. இந்தப் பிரிவில் ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதை மத்திய அரசின் குடிவரவுத் திட்டம் முன்கூட்டியே வரையறுக்கிறது. சபை ஏற்கும் ஆட்களின் தொகை அந்த இடங்களைவிடக் கூடும்போது வரிசை நீளும். இதை எந்த விண்ணப்பதாரராலும் மாற்ற முடியாது. மற்றது பாதுகாப்புச் சோதனை. அது ஆளுக்கு ஆள் வேறுபடும், கோப்பில் உள்ள எழுத்தைப் பொறுத்தது. இந்தக் குடும்பம் முதல் 30 மாதங்களும் முதலாவதில்தான் நிற்பதாக நினைத்திருந்தது. உண்மையில் நின்றது இரண்டாவதில்.

## முதல் 30 மாதங்கள்

விண்ணப்பம் போன அடுத்த மாதமே கொரோனா முடக்கம். கோப்பு இலக்கம் வந்தது 2020 ஓகஸ்ட்டில். 2021 மார்ச்சில் மெடிக்கல் செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது, செய்தார். குடிவரவு மெடிக்கல் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். 2022 மார்ச்சில் அது காலாவதியானபோது எந்தக் கடிதமும் வரவில்லை. இந்த மௌனம் ஒரு குறி. மற்றதெல்லாம் முடிந்த கோப்பு என்றால் பெரும்பாலும் மெடிக்கல் உயிரோடு இருக்கும்போதே முடிக்கப் பார்ப்பார்கள். காலாவதியாக விட்டிருந்தால் வேறேதோ ஒன்று நிறைவேறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இடையில் அவரைப் பதற வைத்தது வேலைப் பத்திரம். வேலை அனுமதி 2021 ஒக்ரோபரில் முடிவதாக இருந்தது. இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தார். பாதுகாக்கப்பட்ட நபருக்கு அதற்குக் கட்டணம் கிடையாது. திகதி முடிந்தும் புதிய அனுமதி வரவில்லை. பத்திரம் முடிவதற்கு முன் விண்ணப்பித்தவர் கனடாவுக்குள்ளேயே இருந்தால், முடிவு வரும்வரை அதே நிபந்தனைகளில் வேலை செய்யலாம். குடிவரவு விதிமுறைகளின் 186(யு) பிரிவு இதைச் சொல்கிறது. அவருக்கு இது தெரியாது, வேலைத்தளத்தின் சம்பளப் பகுதிக்கும் தெரியாது. அவரது சமூகக் காப்புறுதி எண் 9இல் தொடங்குவது. அப்படியான எண்ணுக்கு வேலை அனுமதியின் திகதியே முடிவுத் திகதி. கணினியில் அது சிவப்பாகக் காட்டியவுடன் அடுத்த கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். விண்ணப்பம் சமர்ப்பித்த உறுதிப் பக்கம், கட்டண விலக்கு காட்டும் பக்கம், பழைய அனுமதியின் பிரதி, 186(யு) பிரிவைக் குறிப்பிடும் ஒரு பக்கக் கடிதம் ஆகிய நான்கையும் கொடுத்த பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். இடையில் பத்து நாள் சம்பளம் போனது.

மருத்துவ அட்டையில் இந்தச் சிக்கல் வரவில்லை. ஒன்ராறியோவில் பாதுகாக்கப்பட்ட நபர் என்பதே தனித் தகுதி. வேலை அனுமதி காலாவதியாகியிருந்தாலும் சபையின் தீர்ப்புக் கடிதத்தைக் காட்டி அட்டையைப் புதுப்பிக்கலாம். இது தெரியாமல் மாதக்கணக்கில் வைத்தியரிடம் போகாமல் இருப்பவர்கள் உண்டு.

## கோப்புக் குறிப்புகளில் தெரிந்தது

2022 ஓகஸ்ட்டில், தனியுரிமைச் சட்டத்தின் கீழ் அவரது கோப்புக் குறிப்புகள் கேட்கப்பட்டன. கனடாவுக்குள் இருப்பவர் தன்னைப் பற்றிய பதிவைக் கேட்க இந்தச் சட்டத்தின் கீழ் கட்டணம் இல்லை. சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும், சில வேளைகளில் நீட்டிப்புக் கேட்பார்கள். வந்தது தடித்த ஒரு பி.டி.எஃப். அதில் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு வரிகள்தான்.

தகுதி: நிறைவு. குற்றப் பின்னணி: நிறைவு. மெடிக்கல்: காலாவதி. பாதுகாப்பு: நடப்பில்.

பாதுகாப்பு வரிக்குக் கீழே 2021 செப்ரெம்பரில் ஓர் அதிகாரி எழுதிய குறிப்பு இருந்தது. கோரிக்கை அடிப்படைப் படிவத்தில் (அகதிக் கோரிக்கையின் கதையை எழுதும் படிவம்) சொன்னதும் அட்டவணை ஏ-யில் (பின்னணி விவரப் படிவம்) சொன்னதும் பொருந்தவில்லை, பங்காளர் முகமைக்கு (பாதுகாப்புச் சோதனை செய்யும் அமைப்பு) அனுப்புகிறேன் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு வந்த அரைப் பக்கம் கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் தனியுரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு எனக் குறித்திருந்தார்கள். சர்வதேச உறவுகள், பாதுகாப்பு தொடர்பான தகவலை மறைக்கும் பிரிவு அது. மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்பது தெரியாவிட்டாலும், எந்தப் பிரிவின் கீழ் மறைத்தார்கள் என்பது கோப்பு யாருடைய மேசையில் கிடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

பொருந்தாத இடம் இதுதான். கோரிக்கை அடிப்படைப் படிவத்தில், 2009 தொடக்கத்தில் வன்னியில் இருந்தபோது புலிகள் தன்னைப் பங்கர் வெட்டப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு கிழமை வைத்திருந்ததை விவரமாக எழுதியிருந்தார். சபை அதை நம்பியது. ஆனால் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தோடு போன அட்டவணை ஏ-யில், அதாவது ஐ.எம்.எம். 5669 படிவத்தில், ஆயுதப் போராட்டத்தைப் பயன்படுத்திய குழுவோடு எப்போதாவது தொடர்பு இருந்ததா என்ற கேள்விக்கு "இல்லை" என்ற பெட்டியில் புள்ளடி போட்டிருந்தது. விளக்கம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. படிவத்தை நிரப்பியவர் காசுக்குப் படிவம் நிரப்பும் ஒருவர். எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுவதுதான் பாதுகாப்பு என்பது அவர் கணக்கு. விண்ணப்பதாரர் ஆங்கிலப் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்து வைத்திருந்தார்.

புலிகள் அமைப்பைக் கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. குடிவரவு அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34(1)(எஃப்) பிரிவு அப்படியான அமைப்பில் உறுப்பினராக இருந்தவரைத் தடை செய்கிறது. அதற்குத் தேவைப்படும் ஆதாரத்தின் அளவும் தாழ்வானது. "நம்புவதற்கு நியாயமான காரணம்" இருந்தால் போதும் என்கிறது 33ஆம் பிரிவு. கட்டாயத்தின் பேரில் பங்கர் வெட்டியவர் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை, வற்புறுத்தல் ஒரு சட்ட வாதம். ஆனால் அதே சம்பவத்தை ஒரு படிவத்தில் சொல்லி இன்னொன்றில் மறைத்ததுபோலத் தெரியும்போது, சம்பவத்தைவிட மறைப்பே பெரிதாகிவிடுகிறது. வன்னியிலிருந்து வந்தவர்களின் கோப்புகள் பல இந்த ஒரு புள்ளடியில்தான் சிக்குகின்றன.

## திருத்தம், 2022 நவம்பர்

இரண்டு வழிகள் இருந்தன. அதிகாரி கேட்கும்வரை பேசாமல் இருப்பது ஒன்று. நாமாகவே திருத்துவது மற்றது. பேசாமல் இருக்கச் சொன்னவர்கள், "எழுப்பி விடாதே" என்றார்கள். அதிகாரி ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பது குறிப்பிலேயே இருந்ததால் அந்த யோசனைக்குப் பொருளில்லை. தவறான தகவல் கொடுத்தார் என்று 40ஆம் பிரிவில் குற்றம்சாட்டும் கடிதம் வருமுன் திருத்துவதுதான் நல்லது என்று அவரது லோயர் முடிவெடுத்தார்.

சத்தியக் கடதாசி ஒன்று தயாரானது. ஆறு பந்திகள்தான். எந்த மாதம், எந்த ஊர், யார் பிடித்தார்கள், என்ன வேலை, ஆயுதம் கொடுத்தார்களா, எப்படி வெளியே வந்தார், பிறகு எந்த முகாமில் இருந்தார். ஒவ்வொன்றும் கோரிக்கை அடிப்படைப் படிவத்தின் பந்தி எண்ணோடு. படிவத்தை நிரப்பியவர் மீது பழி போடும் வசனம் முதல் வரைவில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். கையெழுத்து வைத்தவருக்கே பொறுப்பு என்பதால் அந்த வாதம் உதவாது, வாசிப்பவருக்கு எரிச்சலையே தரும். திருத்திய அட்டவணை ஏ, சத்தியக் கடதாசி, சபையின் எழுத்து மூலமான தீர்ப்பு ஆகிய மூன்றும் ஒரே கோப்பாக இணையப் படிவம் வழியாகப் போயின. உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தினார்கள். ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் அந்த மின்னஞ்சல்தான் அதிகம் பயன்பட்டது.

## கடவுச்சீட்டு

2022 இறுதியில் ஊரில் அவரது தகப்பன் படுக்கையில் விழுந்தார். ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு எடுத்துப் போய் வரலாம், எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள்.

போகவில்லை. எந்த நாட்டுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டாரோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுப்பது, அதன் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடியதாக எடுத்துக்கொள்ளப்படலாம். 108ஆம் பிரிவின் கீழ் அகதி நிலையே முடிவுக்கு வரலாம். 2012 டிசம்பர் 15க்குப் பிறகு இந்தக் காரணத்தால் அகதி நிலையை இழப்பவர் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தால் அதையும் சேர்த்தே இழக்கிறார். பாதுகாப்புச் சோதனை நடந்துகொண்டிருக்கும் ஒரு கோப்பில் இலங்கைப் பயணம் சேர்ந்தால் விளைவு எப்படி இருக்கும் என்பதை லோயர் நேராகவே சொன்னார். தகப்பன் 2023 ஜனவரியில் காலமானார். செத்தவீட்டை மகன் தொலைபேசித் திரையில் பார்த்தார். சட்டரீதியில் இது சரியான முடிவு. அந்தக் குடும்பம் கொடுத்த விலை எந்தக் குறிப்பிலும் பதிவாகாது.

அதற்குப் பதிலாகக் கனடாவின் அகதிப் பயண ஆவணம் எடுத்தார். அது இலங்கைக்குச் செல்லாது, மற்ற நாடுகளுக்குச் செல்லும். செல்லுபடிக் காலத்துக்குள் கனடாவுக்குத் திரும்பலாம். 2023 மார்ச்சில் திருச்சியில் மூன்று கிழமை மனைவி பிள்ளைகளைச் சந்தித்தார். பயண ஆவணத்தில் போவோருக்கு இந்தியாவின் மின்-விசா இல்லை. வழமையான விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நேரம் விட வேண்டும். போவதற்கு முன் புதிய வேலை அனுமதி கையில் இருப்பதை உறுதிசெய்தார்கள். பழைய அனுமதியின் நீட்டிப்பில் வேலை செய்பவர் நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த வேலை உரிமை அறுந்துபோகலாம். அவர் இல்லாத நாட்களில் குடிவரவுத் திணைக்களக் கடிதம் வந்தால் தெரியும்படி, லோயரின் அலுவலகம் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டது.

## மகளின் கலியாணப் பேச்சு

மகளுக்கு 2022இல் 22 வயது ஆனது. "வயது போய்விட்டது, இனி அவளைக் கூப்பிட ஏலாது" என்று குடும்பம் முழுவதும் நம்பியிருந்தது. அப்படி அல்ல. அகதிக் கோரிக்கை வைத்தவரின் பிள்ளைக்கு, கோரிக்கை வைத்த நாளில் உள்ள வயதே கணக்கு. 2017 நவம்பரில் அவளுக்கு 17. அந்த வயது அங்கேயே பூட்டப்பட்டுவிட்டது.

பூட்டப்படாதது திருமண நிலை. முடிவு வரும்வரை மணமாகாதவளாக இருக்க வேண்டும். 2023இல் நல்ல இடம் ஒன்று பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தைப் பிறகு வைக்கலாம், எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, மட்டும் இப்போது வைப்போம் என்றார்கள். நம் வழக்கத்தில் எழுத்து முடிந்தாலும் தாலி கட்டும்வரை பெண் தாய் வீட்டில்தான். கனடாவின் சட்டத்துக்குப் பதிவுதான் திருமணம். எழுத்து வைத்த அன்றே அவள் தகப்பனின் கோப்பிலிருந்து விழுந்திருப்பாள். அதை மறைத்து வருவது இன்னும் மோசம், பின்னால் தெரியவந்தால் அவளது வதிவிடமே போகலாம். இதை விளக்கியபின் தீர்மானத்தை மகளிடமே விட்டார்கள். அவள் காத்திருப்பதாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள்.

## விசாரிப்பு, நேர்காணல், நீதிமன்றம்

2023 ஜனவரியில் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம், அவரது ஒப்புதல் படிவத்தோடு விசாரித்தது. "பின்னணிச் சோதனை நடக்கிறது" என்பதே பதில். எம்.பி. அலுவலகத்தால் நிலையைக் கேட்க முடியும், வரிசையை மாற்ற முடியாது. இருந்தாலும் கேட்டதற்கான திகதி ஒன்று எழுத்தில் பதிவாகிறது. அதற்காகவே அது பயன்.

2023 மேயில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு இரண்டரை மணி நேரம். கேள்விகள் பெரும்பாலும் சத்தியக் கடதாசியின் ஒழுங்கிலேயே போயின. தயாரிப்பில் ஒன்றை மட்டும் வலியுறுத்தினார்கள்: நினைவில்லாத திகதியை ஊகித்துச் சொல்ல வேண்டாம், "நினைவில்லை" என்றே சொல்லலாம். பங்கர் வெட்டிய நாட்களை அவர் "மாசி மாதம் மட்டில்" என்றார். படிவத்திலும் அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பின் ஐந்து மாதம் அசைவில்லை. 2023 ஒக்ரோபரில் லோயர், 45 நாளில் முடிவு தராவிட்டால் நீதிமன்றம் போவோம் என்று எழுதினார். டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மண்டாமஸ் மனு போடப்பட்டது. முடிவு எடுக்கும்படி ஒரு அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு இது. இன்ன முடிவைத்தான் எடுக்க வேண்டும் என்று கேட்க முடியாது. மனுத் தாக்கல் கட்டணம் 50 டொலர். லோயர் செலவுதான் பெரியது, அதைத் தவணையில் கட்டினார்.

இப்படியான மனுவில் இந்த நீதிமன்றம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது: அந்த வேலைக்கு இயல்பாக எடுக்கும் காலத்தைவிட அதிகம் ஆகிவிட்டதா, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமா, திணைக்களம் போதிய விளக்கம் தந்ததா. இரண்டாவது கேள்விக்காகவே திருத்தத்துக்கு முன் நீதிமன்றம் போகாதது சரி. போயிருந்தால் "உன் புள்ளடிதான் காரணம்" என்ற பதில் கிடைத்திருக்கும். திருத்தமும் நேர்காணலும் முடிந்தபின், "பாதுகாப்புச் சோதனை நடக்கிறது" என்ற ஒற்றை வரி போதிய விளக்கமாக நிற்காது.

விசாரணை வரை போகவில்லை. 2024 மார்ச்சில் அரசு தரப்பு வழக்கறிஞர், புதிய மெடிக்கல் கிடைத்து 90 நாளில் முடிவு எடுப்போம், மனுவை மீளப் பெறுங்கள் என்றார். ஏப்ரலில் மெடிக்கல் செய்தார். ஜூனில் நிரந்தர வதிவிடம் உறுதியானது.

குடும்பத்தின் விசா அதற்குப் பிறகே நகர்ந்தது. பிரதான விண்ணப்பதாரர் நிரந்தர வதிவாளர் ஆகும்வரை வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு விசா கொடுக்க முடியாது. கொழும்பில் கைரேகையும் மெடிக்கலும், மனைவிக்கும் மகளுக்கும் பொலிஸ் நற்சான்றும் கேட்கப்பட்டன. மகனின் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்ததால் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு ஓடித் திரிந்ததில் ஏழு கிழமை போனது. மூவரும் 2025 மார்ச்சில் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு அப்போது 24 வயது.

## இன்று செய்தால் மாறுபவை

கோப்புக் குறிப்புகளை 12ஆம் மாதத்திலேயே கேட்போம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதிகாரி குறிப்பு எழுதியது 19ஆம் மாதம், நாங்கள் பார்த்தது 30ஆம் மாதம். போன பதினொரு மாதத்தில் ஆறு மாதமாவது தடுத்திருக்கக்கூடிய இழப்பு.

அதற்கும் முன்னால், கையெழுத்து வைப்பதற்கு முதல் மூன்று படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்: கோரிக்கை அடிப்படைப் படிவம், கோரிக்கையோடு போன அட்டவணை ஏ, நிரந்தர வதிவிடத்துக்குப் போகும் அட்டவணை ஏ. முகாம், பிடிப்பு, பயிற்சி, கட்டாய வேலை என எது இருந்தாலும் "ஆம்" போட்டு விளக்கம் எழுதுவதுதான் குறுகிய வழி.

ஊரில் உள்ளவர்களின் கடவுச்சீட்டைத் தகப்பனின் கோப்பில் அசைவு தெரிந்தவுடன் புதுப்பிக்க வேண்டும். பொலிஸ் நற்சான்றை முன்கூட்டி எடுக்க வேண்டாம், கேட்கும்போது பழசாகிவிடும்.

தினமும் இணையத்தில் நிலையைப் பார்ப்பது இவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நேர்காணலுக்குப் பின் குடும்ப வைத்தியரின் ஆலோசனையில் மாதம் ஒரு நாளாகக் குறைத்தார், மின்னஞ்சலுக்கு மட்டும் ஒலி வைத்துக்கொண்டார். ஊருக்கு எடுக்கும் அழைப்பில் "எப்ப வரும்" என்ற கேள்விக்கும் அந்த ஒரு நாளே பதில் சொல்வது என்று மனைவியோடு பேசி வைத்தார். மகன் தகப்பனோடு மறுபடி பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதை முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

## இப்போது உள்ள நிலை

குடியுரிமை கிடைக்கும்வரை இலங்கைக் கடவுச்சீட்டு பற்றிய எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நபராக இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கில் சேரும், கூடியது 365 நாள். இவருக்கு அந்த 365ம் முழுதாகக் கிடைக்கும், திருச்சியில் இருந்த மூன்று கிழமை அதைக் குறைக்காது. நிரந்தர வதிவாளராக இன்னும் 730 நாள் வேண்டும். இடையில் வெளிநாடு போகாவிட்டால் அது 2026 ஜூனில் நிறைவடையும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணக்கு 2025 மார்ச்சில் வந்திறங்கிய நாளிலிருந்து தொடங்குகிறது.